ஊர்ப் பெயரை மறைக்கும் பேனா

அண்மையில் மலைநாட்டு நகரொன்றிலே மாணவர்க்கென நடைபெற்ற சிறுகதைப் போட்டிக்கு நடுவராயிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. முப்பதுக்கு மேற்பட்ட கதைகள் வந்திருந்தன. எழுதியவர்களிற் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து நாள்தோறும் நகரப் பாடசாலைக்கு வந்து போகும் பிள்ளைகள். ஆனால், அவர்கள் எழுதிய கதைகளில் ஒரு தேயிலைச் செடியைக் கூட நான் காணவில்லை. லயம் இல்லை, மலைச்சரிவு இல்லை, அட்டைக்கடி கூட இல்லை. கதாநாயகர்கள் தாங்கள் ஒருபோதும் கண்டிராத கடற்கரைகளில் உலாவினார்கள். கதாநாயகியர் மாடி வீட்டுச் சாளரத்தருகே நின்று கண்ணீர் விட்டார்கள். பாட்டிமாரோ வானொலி நாடகத்துப் பாட்டிமாரைப் போலப் பேசினார்கள்.

ஒரு மாணவியின் கதையிலே நோயுற்றுக் கிடக்கும் கிழவியொருத்தி, "மகளே, எனக்குச் சிறிது தேநீர் தருவாயாக" என்று கேட்கிறாள். அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, "உங்கள் அம்மாயி இப்படியா பேசுவார்?" என்று வினவினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல சேர். அவங்க பேசுறத எழுதினா எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள்.

சிரிப்பவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ஏனெனில், ஒரு காலத்தில் அவ்வாறு சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

யாழ்ப்பாணத்திலே வளர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டுப் பாடசாலையொன்றிற்குத் தமிழாசிரியனாய்ச் சென்றவன் நான். முதல் தவணையிலேயே 'எங்கள் வீட்டுக் காலைப்பொழுது' என்றொரு கட்டுரை எழுதும்படி மாணவரைப் பணித்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: அம்மா விடியுமுன் பெரட்டுக்குப் போவார், தங்கச்சியைப் பிள்ளைக்காம்பராவில் விடுவார், நேற்று மழையாகையாற் கொழுந்து நிறை குறைந்துவிட்டது, ஆதலால் அரைப்பேர்தான் போட்டார்கள். ஏறக்குறைய இவ்வளவுதான். நான் சிவப்பு மையை எடுத்தேன். பெரட்டை வெட்டி 'வேலை' என்று எழுதினேன். பிள்ளைக்காம்பராவை வெட்டிக் 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதினேன். அரைப்பேரை வெட்டி 'அரைநாட் கூலி' என்று எழுதினேன். தமிழைத் திருத்திவிட்டேன் என்ற திருப்தியோடு கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் வெட்டியது என்ன என்பது பல ஆண்டுகளின் பின்பே எனக்கு விளங்கிற்று. தோட்டத்திலே ஒருநாள் வேலைக்குரிய பதிவுக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்கத் தவறினால் நாள் முழுவதும் மழையில் நின்றவளுக்கும் பாதிப் பேர்தான். அவள் அரைநாள் வேலை செய்தவள் அல்லள்; முழுநாளும் வேலை செய்து பாதியாக எண்ணப்பட்டவள். 'அரைநாட் கூலி' என்ற எனது செந்தமிழ்த் தொடர் அந்த அநீதியை முழுவதாக மறைத்துவிட்டது. ஒரு மனுஷியின் பேரைப் பாதியாக்கும் கொடுமையை அந்தப் பையனின் சொல் தன்னுள்ளே வைத்திருந்தது. இலக்கணப் பிழையைத் திருத்துவதாக எண்ணி நான் அவனுடைய தாயின் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டேன். அதிலும் வெட்கக்கேடு யாதெனில், எனது ஊர்ப் பேச்சு ஈழத்துக் கதைகளில் அச்சேறியதைப் படித்துப் பெருமிதங் கொண்டவன் நான். 'தேத்தண்ணி' என்பது என் வீட்டுச் சொல்லாயிருந்தபோது அது மண்வாசனை. 'பெரட்டு' என்பது அவன் வீட்டுச் சொல்லாயிருந்தபோது அது கொச்சை.

அந்தப் பையன் அதன் பின் நல்ல புள்ளிகள் பெற்றான். ஆனால் அவனுடைய கட்டுரைகளில் அவனுடைய தாய் மீண்டும் வரவேயில்லை. நெடுங்காலத்தின் பின் அவனைக் கொழும்பிலே புடைவைக் கடையொன்றிற் கண்டேன். என்னை மரியாதையோடு வரவேற்றான். உடனிருந்த வேலையாளர் ஒருவர் அவனுடைய ஊரைக் குறிப்பிட்டுப் பேசியபோது, 'கண்டிப் பக்கம்' என்றார். அவன் அதைத் திருத்தவில்லை. அவனுடைய தோட்டத்திலிருந்து கண்டிக்குப் போக அரைநாட் பிரயாணம் வேண்டும். "இப்பொழுதும் எழுதுகிறாயா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நம்மளுக்கு வராது சேர்" என்று சொல்லிச் சிரித்தான்.

இளைஞர்கள் இலக்கியத்திலே தம்மைத் தேடுகிறார்கள் என்று மேடைகளிற் பேசுகிறோம். தாம் யார், எவரைச் சேர்ந்தவர், எந்த மண்ணுக்கு உரியவர் என்ற வினாக்கள் எல்லா நாட்டு வாலிபர்க்கும் உரியவைதாம். ஆயினும், மலையக இளைஞனுக்கு அவ்வினா வெறும் மனவோட்டம் அன்று. அவனுடைய பாட்டனாரிடமும் பெற்றோரிடமும் அரசாங்கங்கள் அதே வினாவைக் கேட்டன; விடையையும் தாமே எழுதிக்கொண்டன.

வரலாற்றைச் சற்றே நினைவுகூர்தல் பொருந்தும். கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியத் தொழிலாளர் வரத் தொடங்கியதை 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுவது வழக்கம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைத் தெரிந்தனுப்பிய மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்பது ஏற்பாடு. அந்த எஞ்சியோரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. 1948க்கும் 2003க்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள். மூன்று தலைமுறையினர் தமது பெயருக்கு நேரே எந்த நாட்டின் பெயரை எழுதுவது என்று அறியாமல் வாழ்ந்தார்கள்.

இன்னுமொரு வேடிக்கை உண்டு. வேதனை நிறைந்த வேடிக்கை. இங்கே அரசாங்கப் பதிவேடுகளில் இவர்கள் நெடுங்காலம் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டார்கள். ஒப்பந்தத்தின்படி கப்பலேறி நீலகிரிக்குப் போய், அங்கேயும் தேயிலை பறித்தவர்களை அந்த ஊரவர்கள் 'சிலோன்காரர்' என்று அழைத்தார்கள். இங்கே அந்த நாட்டவன். அங்கே இந்த நாட்டவன். இத்தகையவனுக்கு உரிமையான இடம் எது என்ற கேள்விக்குக் கடவுச்சீட்டு விடை தரவில்லை. ஆகவேதான், அவன் இலக்கியத்தின் வாயிலைத் தட்டுகிறான்.

அந்த வாயில் அவனுக்கு முன்பும் திறக்கப்பட்டிருந்தது என்பதை அவன் அறிய வேண்டும். கோ. நடேசய்யரும் அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மாளும் தோட்டமக்களின் உரிமைகளைப் பாட்டாக்கி அவர்களிடையே பரப்பினார்கள். 1947இல் தலவாக்கொல்லையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். அவருடைய நாவலுக்கு அவர் இட்ட பெயர் 'வீடற்றவன்'. ஒரு மக்கட் கூட்டத்தின் நூறாண்டு வரலாற்றை ஒரே சொல்லில் அடக்கிய தலைப்பு அது. தோட்டமக்களின் நாட்டார் பாடல்களையும் அவரே தேடித் தொகுத்தார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே ஆண்டு. வீரகேசரியின் ஆதரவோடு நடைபெற்ற மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகளிற் பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுதியாயின. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இலும், என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1980இலும் நூலுருப் பெற்றன.

இவர்களுட் பலர் எழுதத் தொடங்கியபோது இளைஞர்கள். தமக்கு நாடில்லை என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேதான் அவர்கள் எழுதினார்கள். சட்டம் தங்களை ஏற்றுக்கொள்ளட்டும், அதன் பின் எழுதுவோம் என்று காத்திருக்கவில்லை. இஃது இன்றைய இளைஞர் ஊன்றிச் சிந்திக்க வேண்டிய விடயம். உரிமை கிடைத்த பின் இலக்கியம் பிறக்கவில்லை; எங்கள் வாழ்வு எழுதத்தக்கது என்ற துணிவே உரிமைக் குரலுக்கும் உரமாயிற்று.

அவ்வாறாயின், இன்று அந்தத் துணிவு ஏன் குன்றிற்று? என் மனத்துக்குப் பட்ட காரணங்கள் இரண்டு.

முதலாவது, நான் மேலே ஒப்புக்கொண்ட குற்றம். பாடசாலை, மாணவனின் வீட்டுப் பேச்சைக் குறையாகக் கருதுகிறது. இது மலையகத்துக்கு மட்டும் உரிய நோயன்று. 1960களின் தொடக்கத்திலே, சாதாரண மக்களின் பேச்சுவழக்கைக் கதைகளிற் புகுத்தியோரை நோக்கி 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் ஏளனஞ் செய்ததும், அதனை எதிர்த்து முற்போக்கு எழுத்தாளர்கள் வாதிட்டதும் எமது இலக்கிய வரலாற்றின் ஓர் அத்தியாயம். அந்த வாதத்தில் யார் வென்றார்கள் என்பதைக் காலம் காட்டிவிட்டது. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. கே. டானியலின் 'பஞ்சமர்' இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் ஏட்டிலே வென்ற வாதம் வகுப்பறையில் இன்னும் வெல்லவில்லை. மாணவியின் அம்மாயி இன்னும் 'தருவாயாக' என்றே பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. நல்லெண்ணம் உடையவர்களாலேயே விளைவது. அதே போட்டியில் இன்னொரு கதையும் இருந்தது. எழுதியவன், படிப்பை இடையில் விட்டுக் கொழும்புச் சாப்பாட்டுக் கடையொன்றில் ஓராண்டு வேலை செய்துவிட்டு மீண்டும் படிக்க வந்த இளைஞன். புறக்கோட்டையிலே, கடை மாடியில், எண்மர் படுத்துறங்கும் ஓர் அறை. ஒருவன் இரவிலே தொலைபேசியில் வீட்டாருடன் பேசும்போது ஒரு விதமாகவும், பகலிலே வாடிக்கையாளருடன் பேசும்போது வேறு விதமாகவும் பேசுகிறான். இவ்வளவுதான் கதை. எனக்கு அது மிகப் பிடித்திருந்தது. உடனிருந்த நடுவரொருவர், பண்பாளர், மலையகத்தின்மீது உண்மையான பற்றுடையவர், "கதை நன்று, ஆனால் இது மலையகக் கதையன்று. கொழுந்தில்லை, கங்காணியில்லை, மலையே இல்லையே!" என்றார்.

இங்கேதான் நாம் கவனமாயிருத்தல் வேண்டும். தோட்டத்தை எழுதாதே என்று ஒருவர் கட்டளையிட்டதால் ஒரு தலைமுறை ஊமையாயிற்று. தோட்டத்தை மட்டுமே எழுது என்று இன்னொருவர் கட்டளையிட்டால் அடுத்த தலைமுறையும் ஊமையாகும். இன்றைய மலையக இளைஞரிற் பலர் தோட்ட வேலைக்குச் செல்வதில்லை. கொழும்புக் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், மத்திய கிழக்கு நாடுகளின் வீடுகளிலும் அவர்கள் உழைக்கிறார்கள். ஆசிரியர்களாயும் கந்தோர் உத்தியோகத்தராயும் பலர் உயர்ந்திருக்கிறார்கள். இவர்கள் தாம் காணாத பெரியாங்கங்காணியைத் தம் பாட்டனாரின் கதைகளிலிருந்து எடுத்து எழுதினால், அதுவும் வானொலி நாடகத்துப் பாட்டியைப் போன்ற பொய்யேயாகும். கூடையும் கொழுந்தும் ஓர் அடையாளச் சின்னமாகி, சுவரிலே மாட்டப்படும் படமாகிவிடும். படத்துக்கு மாலை போடலாம், அது பேசாது.

அந்த இளைஞனின் கதையிலே மலை இல்லாதிருக்கலாம். ஆனால், இரண்டு பேச்சுக்களுக்கிடையே அவன் மூச்சுத் திணறுகிறானே, அந்தத் திணறலிலே மலையகம் முழுவதும் இருந்தது. உரிமைப்பாடு என்பது கதையின் காட்சியில் இல்லை. கதை சொல்பவன் எதை மறைக்கவில்லை என்பதில் இருக்கிறது. இதுவே என் துணிபு.

இதற்கு மறுப்பாகச் சிலர் சொல்லக்கூடும்: 'யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னி, மலையகம், முஸ்லிம் மக்கள் என்று ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் பேச்சையும் தத்தம் துயரையும் எழுதத் தொடங்கினால், ஈழத்துத் தமிழ் இலக்கியம் துண்டு துண்டாகிவிடாதா? இலக்கியம் பிரதேசங்களைக் கடந்ததன்றோ?' இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். சிறிய சமூகம் ஒன்று மேலுஞ் சிறிதாகப் பிரிந்து போவதை எவரும் விரும்பார். ஆயினும், ஒன்றுபடுதல் என்பது ஒருவரின் பேச்சை மற்றவர் எல்லாரும் பேசுதல் அன்று. யாழ்ப்பாணத்து வாசகன் 'அரைப்பேர்' என்ற சொல்லின் பொருளை ஒரு கதையின் வாயிலாக அறிந்துகொள்ளும் அந்தக் கணத்திலேதான் இரு பிரதேசங்களும் நெருங்குகின்றன. அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 'அரைநாட் கூலி' என்று எழுதினால், அவன் எதையும் புதிதாய் அறிவதில்லை. ஆகவே நெருங்குவதும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்தது அதுதான். ஒரு பிள்ளையின் சொல்லைப் புரிந்துகொள்ள மறுத்தமையால் அவனுடைய வாழ்க்கையையும் நான் புரிந்துகொள்ளவில்லை.

இன்னொரு சாரார், 'இளைஞன் ஏன் தன் சமூகத்தின் சுமையைச் சுமக்க வேண்டும்? அவன் காதலை எழுதட்டும், நிலவை எழுதட்டும்' என்பர். நன்று, எழுதட்டும். ஆனால் அவன் காதலிக்கும் பெண் எந்தப் பாதையால் நடந்து வருகிறாள், அவள் எந்தச் சொல்லால் அவனை அழைக்கிறாள் என்பதை அவன் மறைக்காதிருக்கட்டும். நிலவு எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதனைப் பார்க்கின்ற வாசற்படிதான் வேறு.

குறை கூறுவதோடு நின்றுவிடுதல் முறையாகாது. செய்யத்தக்கவை சில உள.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்குரிய தமிழைக் கட்டாயம் கற்பியுங்கள். அது பிள்ளைகளின் எதிர்காலத்துக்குத் தேவை. ஆனால் மாணவன் தன் தாயின் சொல்லை எழுதினால், வெட்டுவதற்கு முன்பு அதன் பொருளைக் கேளுங்கள். கட்டுரைக்கு ஒரு தமிழும் கதைமாந்தரின் வாய்ப்பேச்சுக்கு இன்னொரு தமிழும் உண்டென்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாலும் விளங்கிக்கொள்ள முடியும்.

போட்டி நடத்துவோரும் பத்திரிகை நடத்துவோரும் பொருளை விதிக்காதிருப்பது நலம். கொழுந்துக்கூடை இருக்கிறதா என்று தேடாமல், உண்மை இருக்கிறதா என்று பாருங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு முன் எழுதியவர்களைப் படியுங்கள். நூல்கள் கடைகளிற் கிடைக்கவில்லை என்பது முன்னைய நாட்களிற் பொருத்தமான காரணம். இன்று 'நூலகம்' என்ற இணைய நூலகத்திலே ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாகப் பணமின்றிப் படிக்கக் கிடக்கின்றன. கையிலுள்ள தொலைபேசியிலேயே படிக்கலாம். முன்னோரைப் படிப்பது அவர்களைப் போல எழுதுவதற்கன்று. நாம் தனியர் அல்லர் என்று அறிவதற்கும், அவர்கள் சொல்லாமல் விட்டது எது என்று காண்பதற்குமே. உங்கள் வீட்டுக் கிழவியர் உயிரோடிருக்கும்போதே அவர்களுடைய பாட்டுகளையும் சொற்களையும் குறித்து வையுங்கள். கவ்வாத்து, கொந்தரப்பு, பெரட்டு என்னும் சொற்களுக்கு அகராதி தேடி அலையும் காலம் தூரத்தில் இல்லை.

2023ஆம் ஆண்டிலே, இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் கால்நடையாய்ச் சென்றார்கள். முன்னோர் நடந்து வந்த வழியை மீண்டும் நடந்தார்கள். அந்த வழியிலே மாண்டவர்களின் பெயர்களிற் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் இல்லை. பெயர் எழுதப்படாமையே இந்த மக்களின் நீண்ட துயரம்; எழுதப்பட்டபோதும் பாதியாய் எழுதப்பட்டமை அதன் தொடர்ச்சி. இதற்குப் பரிகாரந் தேடும் பொறுப்பு இலக்கியத்துக்கு உண்டு.

போட்டி முடிந்து மூன்று வாரங்களின் பின் அந்த மாணவியிடமிருந்து தபாலில் ஒரு கடிதவுறை வந்தது. கதையை மீண்டும் எழுதியிருந்தாள். கிழவி இப்பொழுது, "ஏ புள்ள, தொண்ட காயுது, கொஞ்சம் தேத்தண்ணி ஊத்து" என்கிறாள். கதையில் வேறு குறைகள் இருந்தன. முடிவும் சரியாக அமையவில்லை. ஆனால், தாளின் மேற்புறத்திலே, தன் பெயருக்குக் கீழே, தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் முழுமையாக எழுதியிருந்தாள். முதற் பிரதியில் அவ்விடத்திலே நகரத்தின் பெயர் மட்டுமே இருந்தது.

இம்முறை நான் சிவப்பு மையைத் தொடவில்லை.